பாப்பாவின் கற்கள் ஹாலந்து போன விவரம்

ஆம்பூர்,
14.7.85, ஞாயிறு

மரியாதைக்குரிய மாமா நந்தகோபால் அவர்களுக்கு,

மைத்துனன் தனகோடி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அக்கா சுகம், பாப்பா சுகம், பாலாற்றில் தண்ணீர் இல்லை, கிணற்றில் இருக்கும் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பஹ்ரைனில் தங்கள் உடல்நலத்தையும் தாங்கள் ஓட்டும் கிரேனின் நலத்தையும் அறிய ஆவல்.

தங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அதில் மூன்று கேள்விகள். ஒன்று, நாலு வயதுக் குழந்தைக்கு அனுப்பிய விளையாட்டுச் சாமானை இருபத்தெட்டு வயதுக் கழுதை எடுத்து விளையாடியது உண்மையா. இரண்டு, அந்தச் சாமான் இப்போது ஹாலந்து தேசத்தில் இருப்பதாக மனோரமா எழுதியிருக்கிறாளே, அவளுக்குப் புத்தி கெட்டுவிட்டதா. மூன்று, கம்பெனியில் என்னை சஸ்பெண்ட் செய்ததும் பெண்கள் மாலை போட்டதும் ஒரே நாளில் எப்படி நடந்தது. முதல் கேள்விக்குப் பதில், ஆமாம். இரண்டாவதற்கு, அக்கா நல்ல புத்தியோடுதான் இருக்கிறாள். மூன்றாவதைச் சொல்ல ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். பொறுமையாகப் படிக்கவும். கிரேன் மேல் உட்கார்ந்து படிக்க வேண்டாம்.

போன தீபாவளி லீவில் தாங்கள் கொண்டுவந்த, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கல் பெட்டியைத் திறந்த பத்தாவது நிமிஷம் பாப்பா ஒரு சிவப்புக் கல்லை வாயில் போட்டுக்கொண்டாள். அக்கா விரல் விட்டு அதை எடுத்து, பெட்டியை மூடி, இவள் பெரியவளாகட்டும், அதுவரைக்கும் நீ பத்திரமாக வைத்திரு என்று என்னிடம் கொடுத்தாள். பாலுக்குப் பூனை காவல். ஆனால் நான் பூனை என்பது அன்றைக்கு எனக்கே தெரியாது மாமா. நான் மே தின ஊர்வலத்தில் தட்டி பிடிக்கிறவன். வெளிநாட்டுச் சாமான் மோகத்தைக் கண்டித்து பஸ் ஸ்டாண்டு எதிரில் பதினேழு பேர் முன்னால் முக்கால் மணி நேரம் பேசியவன். அந்தப் பதினேழில் ஒன்பது பேர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்பது வேறு விஷயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எதிரியைப் படித்துத்தானே எதிர்க்க வேண்டும், இந்த முதலாளித்துவப் பொம்மையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பெட்டியைத் திறந்தேன். இரண்டு கல்லை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நான் போய்ட்டேன்.

இந்த ஊரில் எதுவும் எதோடும் பொருந்தாது மாமா. வீட்டுக் கதவு நிலையோடு பொருந்தாது. ரேஷன் கடை அரிசி கார்டில் எழுதியதோடு பொருந்தாது. தோல் கொட்டகையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நிற்கிறவன் படும் பாடு அவன் தட்டில் விழும் சோற்றோடு பொருந்தாது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பொருள் இன்னொரு பொருளோடு ஆணி அடிக்காமல், லஞ்சம் கொடுக்காமல், கையெழுத்துக்கு அலையாமல் பொருந்துவதைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் யூனியன் கூட்டம். நான் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லி அனுப்பிவிட்டு ஒரு காற்றாலை கட்டினேன்.

பெட்டிக்குள் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனி செய்யும் மற்றப் பெட்டிகளின் படமெல்லாம் அதில் போட்டிருந்தது. ரயில், கோட்டை, தீயணைப்பு நிலையம், நிலாவுக்குப் போகிற வண்டி. அதை மடித்து மடித்துப் பார்த்ததில் மடிப்பு கிழிந்து, இப்போது கோட்டை இரண்டாகிவிட்டது. ஒவ்வொரு பெட்டியின் நம்பரும் எனக்கு மனப்பாடம். தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு நம்பர் சொல் என்றால் தலையைச் சொறிவேன். மார்ச் மாதம் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேனே, பாப்பா இன்னொரு பெட்டி கேட்டு அழுகிறாள், முடிந்தால் பெரியதாக, 'தீயணைப்பு நிலையம் என்றால் ரொம்பப் பிடிக்குமாம்' என்று. பாப்பா கேட்டு அழுதது பஞ்சுமிட்டாய்.

தாங்களும் நம்பி, ரூமில் கூட இருக்கும் ஜான் பாஷா லீவில் வரும்போது கொடுத்தனுப்பினீர்கள். ஏப்ரல் மாதம் நாட்றம்பள்ளியில் அவர் வீட்டுக்குப் போய் வாங்கினேன். அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்தார்கள். பிரியாணி வாசனை வேறு. எனக்கோ பெட்டியைப் பிரிக்க வேண்டும். அவசர வேலை என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஆம்பூர் வரைக்கும் பொறுக்கவில்லை, மடியில் வைத்துத் திறந்துவிட்டேன். வாணியம்பாடித் திருப்பத்தில் டிரைவர் ஒரு வெட்டு வெட்டினார். முன்னூற்றுச் சொச்சம் கல்லும் பஸ் பூராவும் ஓடின. நான் சீட்டுக்கு அடியில் நாலு காலில் போவதைப் பார்த்துக் கண்டக்டர் குனிந்து, "இன்னா சார் தேடற, பல்லு செட்டா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் பாவம், எல்லாரும்தான் தேடினார்கள். லுங்கி மூட்டையோடு வந்த குடியாத்தத்துக்காரர் ஒருவர் தன் மூட்டையையே அவிழ்த்து உதறினார். குழந்தைக்கு எத்தனை வயசு என்று ஒரு அம்மாள் கேட்டார். நாலு என்றேன். அது மட்டும்தான் உண்மை. கடைசியில் எல்லாம் கிடைத்தது, ஒரு கதவைத் தவிர. பெட்டியில் இருந்ததே இரண்டு கதவு. ஒன்று படிக்கட்டு வழியாகச் சாலைக்குப் போய்விட்டது. மாமா, எங்கள் ஊரில் கதவுக்கு வந்த பஞ்சம் பஸ்ஸிலும் என்னை விடவில்லை.

இப்போது கம்பெனிக் கதவைச் சொல்ல வேண்டும். எங்கள் தையல் ஹாலில் நூற்று நாற்பது பெண்கள் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறார்கள். நான் டைம் ஆபீஸ் கிளார்க், அவர்கள் வருவதையும் போவதையும் எழுதுகிறவன். ஹாலுக்கு இரண்டு கதவு. முன்கதவு மானேஜர் ராஜகோபால் ரூம் வழியாகப் போகும். பின்கதவு கக்கூஸ் பக்கம் போகும், காற்றும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். தோல் துண்டைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லி மானேஜர் பின்கதவை இரண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்தார், உள்ளே ஒரு பூட்டு, வெளியே ஒரு பூட்டு. கக்கூஸ் போகிற ஒவ்வொரு பெண்ணும் அவர் மேஜை முன்னால் நடந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் பாதிப் பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஜனவரியில் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா ஒன்று முன்கதவுக்குப் பக்கத்திலேயே பற்றிக்கொண்டது. மணலைக் கொட்டி அணைத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் நூற்று நாற்பது பேரும் பின்கதவுக்கு ஓடி, அது திறக்காமல் திரும்பி ஓடி வந்ததில் ஜஹீருன்னிசா என்ற பெண் கீழே விழுந்து கால் எலும்பு முறிந்தது. இன்றைக்கும் அந்தக் காலைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் மெஷின் மிதிக்கிறாள்.

நான் கொதித்தேன். கொதித்து மனு எழுதினேன். மூன்று மனு. என் தமிழ் எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். 'உழைக்கும் மகளிரின் மூச்சுக்காற்றுக்கே பூட்டா' என்று ஆரம்பிக்கும். வரிசைத் தலைவி பில்கிஸ் அக்காதான் எல்லாரிடமும் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கித் தருவார். மூன்றாவது மனுவின் பின்பக்கத்தில் மானேஜர் தன் மகள் கல்யாணத்துக்குச் சமையல் சாமான் பட்டியல் எழுதி வைத்திருந்ததை நானே பார்த்தேன். ரவை எட்டுக் கிலோ என்று இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நாலாவது மனுவை எழுத உட்கார்ந்தவன், மனசு ஆறட்டும் என்று கொஞ்சம் கல்லை எடுத்தேன். மனசு ஆறிவிட்டது. மனு எழுதவில்லை.

அந்தச் சமயம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. காகிதத்தில் இருக்கும் ரயிலும் கோட்டையும் கிடைக்கப்போவதில்லை, கண்ணெதிரே இருக்கும் கம்பெனியைக் கட்டிப் பார்த்தால் என்ன. கல்லின் தலையில் இருக்கும் முளை ஒன்றுக்கு இரண்டு அடி என்று கணக்கு வைத்து, சாப்பாட்டு நேரத்தில் டேப் பிடித்து ஹாலை அளந்தேன். பில்கிஸ் அக்கா மெஷின் மேலேயே டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு, "இன்னா தம்பி, கதவு எங்க இருக்குன்னு அளந்து பாக்கறியா? பூட்டு இருக்கற எடத்துலதான் இருக்குது" என்றார். மானேஜரும் பார்த்தார். ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்குத் தகவல் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். ரூமுக்குக் கூப்பிட்டு மிரட்டினார். வேறொருவன் என்றால் ஆமாம் என்று நெஞ்சை நிமிர்த்தியிருப்பான். நான் உளறிவிட்டேன், சார் இது பொம்மை சார் என்று. அவர் முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்தார். ரம்ஜான் கழிந்து ஹாலந்திலிருந்து ஷூ வாங்கும் பையர் வருகிறார், முதலாளியே மெட்ராஸ் பெரியமேட்டிலிருந்து கூட வருகிறார், வரவேற்பு மேஜை மேல் இது இருந்தால் ஜோராக இருக்கும், ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு தருகிறேன், கட்டிக்கொண்டு வா என்றார். மூன்று மனுவை ரவைக்குப் பயன்படுத்திய அந்த மனிதரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா மாமா? "கூரைக்கு சிவப்பு பத்தாது சார், நீலம் கலந்துக்கலாமா?" என்று கேட்டேன்.

செய்தி ஹாலுக்குப் போய்விட்டது. கேட்டைத் தாண்டும்போது பில்கிஸ் அக்கா நிறுத்தினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. ரொம்ப மெதுவாகத்தான் பேசினார். "மனு எழுதற கை பொம்மை கட்டப் போய்டுச்சா. பரவால்ல. அந்தப் பொம்மைக்காவது நம்ம கதவத் தொறந்து வை."

வைக்கலாம் என்றால் கதவு இல்லை. இருந்த ஒரு கதவை முன்பக்கம் வைத்தாக வேண்டும், மானேஜர் முதலில் அதைத்தான் பார்ப்பார். பின்பக்கம் சும்மா ஓட்டையாக விட்டுப் பார்த்தேன், பல் விழுந்த வாய் மாதிரி அசிங்கமாக இருந்தது. என் வேலையில் அப்படி ஒரு அசிங்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. மிச்சமிருந்த மஞ்சள் கல்லை வைத்துச் சுவராக எழுப்பி மூடிவிட்டேன். போராட்டம், குறியீடு, எதிர்ப்பு ஒன்றும் கிடையாது. கதவு பற்றவில்லை. இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை, தாங்களும் தங்களோடு வைத்துக்கொள்ளவும்.

ஜூன் இருபத்துநாலாம் தேதி பையர் வந்தார். ஆறரை அடி உயரம். வான் என்று ஆரம்பிக்கும் பெயர், மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் போதாது. முதலாளி இஷ்தியாக் அகமது சாஹேப் அவரை உள்ளே அழைத்து வந்தார். மேஜை மேல் பொம்மையைப் பார்த்ததும் அந்த மனிதர் தோலையும் பார்க்கவில்லை, ஷூவையும் பார்க்கவில்லை, கோட்டைக் கழற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். அவர் வீட்டில் ஒரு அறை பூராவும் இந்தக் கற்கள்தானாம், பெண்டாட்டி அந்த அறைக்குள் வருவதில்லையாம். நான் பெட்டி நம்பர் சொன்னேன், அவர் படத்தைச் சொன்னார். அவர் நம்பர் சொன்னார், நான் படத்தைச் சொன்னேன். முதலாளியும் மானேஜரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, டைம் ஆபீஸ் கிளார்க் ஒருவன் ஹாலந்து தேசத்தோடு தரையில் சம்மணம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு அன்றைக்கு இருந்த கர்வத்தை அளக்க நம் ஊரில் படி இல்லை.

அப்புறம்தான் வினை. அவருக்குப் பொம்மையைக் கட்டிடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். தட்டோடு தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். ஜன்னலை எண்ணினார், சரி. தூணை எண்ணினார், சரி. ஒவ்வொன்றுக்கும் என் முதுகில் ஒரு தட்டு. பின்பக்கம் வந்ததும் நின்றார். பொம்மையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். ஒரு தப்புக் கண்டுபிடித்துவிட்டேன், இங்கே ஒரு கதவு இருக்கிறது, நீ வைக்க மறந்துவிட்டாய் என்றார்.

மாமா, என் கட்டுமானத்தில் தப்பா. நூற்று நாற்பது பேருக்கு மூச்சுத் திணறியபோது எழும்பாத குரல் அப்போது எழும்பியது. மானேஜர் பக்கத்தில் நிற்கிறார், முதலாளி நிற்கிறார், எதுவும் தெரியவில்லை. "நான் மறக்கவில்லை, அந்தக் கதவு திறப்பதே இல்லை, திறக்காத கதவு சுவர்தான், ஆகவே சுவர் வைத்தேன், என் பொம்மையில் பிழை கிடையாது" என்று பி.காம். இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிப்பு போய்விட்டது. பொம்மையை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைத் தள்ளினார். பூட்டு துருவேறித் தொங்கியது. சாவி எங்கே என்று முதலாளி கேட்டார். வாட்ச்மேனிடம் என்றார் மானேஜர். மானேஜரிடம் என்றான் வாட்ச்மேன். ஹாலந்துக்காரர் கதவைக் கையால் தட்டினார். உள்ளேயிருந்து பில்கிஸ் அக்கா குரல் வந்தது. "யாருப்பா தட்டறது? இந்தப் பக்கமும் பூட்டுதான். முன்னால சுத்தி வாங்க, மானேஜர் டைம் பாப்பாரு."

முதலாளிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். முகம் கறுத்துப்போய்விட்டது. கட்டிங் செக்ஷனிலிருந்து ரம்பம் கொண்டுவரச் சொல்லி இரண்டு பூட்டையும் அறுக்க வைத்தார். கதவு நகரவில்லை, நாலு பேர் தோள் கொடுத்தார்கள். திறந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. காலை பதினோரு மணி வெயிலில் வந்து சும்மா நின்றார்கள். சிலர் கக்கூஸ் பக்கம் போனார்கள். ஜஹீருன்னிசா வாசற்படியைத் தாண்டிவிட்டு, திரும்ப உள்ளே போய், மறுபடி தாண்டினாள். அந்தப் பத்து நிமிஷமும் மெஷின் ஓடவில்லை. கையில் பொம்மை இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆர்டர் கிடைத்தது. இனி இந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு பையர் கையெழுத்துப் போட்டார். அந்த மகிழ்ச்சியில் முதலாளி, 'எங்கள் அன்பளிப்பு' என்று பொம்மையைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டார். பாப்பாவினுடையது என்று அந்த இடத்தில் நான் எப்படிச் சொல்வது? இப்படித்தான் பாப்பாவின் கற்கள் விமானம் ஏறின. தங்களை விட்டால் நம் குடும்பத்தில் விமானம் ஏறியது அவைதான்.

மறுநாளைக்கு மறுநாள் முதலாளி பெரியமேட்டுக்குப் போனதும் மானேஜர் எனக்கு மெமோ கொடுத்தார். 'கம்பெனிக் கட்டிடத்தை உண்மைக்குப் புறம்பாக ஒரு கதவு குறைவாகக் கட்டி, சரக்கு வாங்க வந்தவர் மனதில் தவறான எண்ணத்தை உண்டாக்கியது' குற்றம். சஸ்பெண்ட். கேட்டில் பெண்கள் காத்திருந்து செண்டுமல்லி மாலை போட்டார்கள். எல்லாரும் தலைவரே என்றார்கள். பில்கிஸ் அக்கா, "நான் வேற அன்னிக்கு தப்பா பேசிட்டன் தம்பி, மனசுல வச்சுக்காத" என்றார். கழுத்தில் மாலை அரித்தது. பஸ்ஸில் ஒரு கதவு விழுந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜஹீருன்னிசா பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டேன்.

இனிமேல்தான் சிக்கல். போன வாரம் மானேஜர் ஆள் விட்டுச் சொன்னார். செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு வரி எழுதிக் கொடு, வேலை திரும்பக் கிடைக்கும். என்ன வரி? 'பொம்மைக்குக் கதவு போதாததால் சுவர் வைத்தேன், கம்பெனிக் கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது.' அந்த வரியின் முதல் பாதி சத்தியம் மாமா. அது அந்த ஆளுக்குத் தெரியாது, குத்துமதிப்பாக அடித்திருக்கிறார். எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டி முதலாளி மனதை மாற்றிக் கதவைப் பூட்டிவிடுவார். எழுதாவிட்டால் வீட்டில் உலை வைக்க தங்கள் டிராஃப்டைத்தான் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்கும் என்ற நிலைமை வந்திருக்கிறது, சொல்ல முடியவில்லை. அக்கா இரண்டு நாளாகச் சோற்றைத் தட்டில் போடாமல் தட்டின் மேல் எறிகிறாள்.

நான் முடிவு செய்துவிட்டேன். எழுதிக் கொடுக்க மாட்டேன். என் வேலையைப் பலி கொடுத்தாவது அந்த நூற்று நாற்பது பெண்களின் கதவைக் காப்பாற்றுவேன். அவர்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கல் விளையாட்டையும் இன்றோடு விட்டேன். கிழிந்த காகிதத்தைக் கூட அடுப்பில் போட்டுவிட்டேன். தாங்கள் இனி எந்தப் பெட்டியும் அனுப்ப வேண்டாம். பாப்பாவுக்கு ஒரு பொம்மை அனுப்பினால் போதும், தலை கழலாததாகப் பார்த்து.

ஜான் பாஷாவுக்கு என் சலாம் சொல்லவும், சாப்பிடாமல் வந்ததற்கு மன்னிப்பும். வெயிலில் தொப்பி இல்லாமல் கிரேன் ஏற வேண்டாம். தங்களுக்கு நீண்ட ஆயுளும், மேலதிகாரிக்குக் குறைந்த கோபமும் வாய்க்க எல்லாத் தெய்வங்களையும் வேண்டுகிறேன். எனக்கு நம்பிக்கை இல்லாததால் அக்காவை வேண்டச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
தனகோடி

பி.கு. (16.7.85, செவ்வாய்): ஞாயிற்றுக்கிழமை தபால் ஆபீஸ் இல்லாததால் கடிதம் கையிலேயே இருந்தது, நல்லதாய்ப் போயிற்று. நேற்றுக் காலை மானேஜர் பின்கதவில் புதுப் பூட்டுப் போட்டாராம். நூற்று நாற்பது பெண்களும் மெஷினில் உட்காராமல் மெஷின் பக்கத்தில் நின்றார்களாம். கோஷம் இல்லை, மனு இல்லை, சும்மா நின்றார்கள். இருபதாவது நிமிஷம் மானேஜர் தன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். சரி வேலையைப் பாருங்கள் என்றதற்கு, குடிதண்ணீருக்கு ஒரு பானையும் டைம் ஆபீஸ் தம்பியின் மெமோவும் பாக்கி இருக்கிறது என்று இன்னும் பத்து நிமிஷம் நின்றார்கள். நாளைக்கு நான் வேலைக்குப் போகிறேன். பானை வந்தபிறகுதான் என் மெமோ ரத்தாகியிருக்கிறது. செய்தி சொல்ல வந்த பில்கிஸ் அக்காவிடம், இவ்வளவு சுலபம் என்றால் ஜனவரியிலேயே நின்றிருக்கலாமே என்று கேட்டேன். "நீ மனு எழுதிட்டு இருந்தியே தம்பி. படிச்ச புள்ள, அது முடிச்சுக்கட்டும்னு பாத்துட்டு இருந்தோம்" என்றார். ஆகையால் மாமா, தொழிலாளர் நலன் கருதி இந்தத் தடவை கொஞ்சம் பெரிய பெட்டியாகவே பார்த்து அனுப்பவும்.